ஐந்து ஆறு தாண்டி ஒரு கச்சேரி வாரம்

கச்சேரிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரக் கணக்கு தெரியும். வர்ணம் முடிகிறவரை கால் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டாவது கிருதியில் தண்ணீர் தாகம் வரும். பாடகர் பெரிய ராகத்தை எடுத்து, வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொள்கிற நேரமாகப் பார்த்து, "எப்பம்மா முடியும்?" என்ற கேள்வி முன்வரிசைவரை கேட்கும். நாலு தலை திரும்பும். அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் நடப்பாள். மார்கழிச் சென்னையில் தினமும் நடக்கிற காட்சி இது. குழந்தைமேல் தப்பே இல்லை. இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்காருவது பெரியவர்களுக்கே பழகிப் பழகி வருகிற வித்தை.

சபாக்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தோடியை முழுதாக விரித்துக் கேட்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் பாட்டி, பேரன், பாட்டென்றாலே கொட்டாவி விடுகிற சித்தப்பா, பரீட்சைப் புத்தகத்தைக் கூடவே சுமக்கிற அக்கா என்று மொத்தக் குடும்பமும் சேர்ந்து போய்ச் சாஸ்திரிய சங்கீதத்தை நேரில் கேட்க ஓர் இடம் சொல்லச் சொன்னால், நான் கைகாட்டுவது திருவையாற்றை. தியாகராஜ ஆராதனை நடக்கும் ஐந்து நாளோடு முன்னும் பின்னும் ஒரு நாளைச் சேர்த்துத் தஞ்சாவூரில் தங்கிவிட்டால் போதும். ஒரு வாரத்துக்குப் பாட்டும் ஊர் சுற்றலும் ஒன்றோடொன்று கலந்து நடக்கும்.

இதைச் சொன்னதும் வருகிற பதில் ஒன்றுதான்: "அங்கே ஒரே கூட்டமாச்சே, டி.வி.யிலயே பார்த்துக்கலாமே." டி.வி.யில் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி நாளான பஞ்சமியன்று காலையில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற ஒரு மணி நேரத்தை. கூட்டம் நெரிவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். அதற்கு முந்தைய நாலு நாளும் பந்தலில் கால் நீட்டி உட்கார இடம் கிடைக்கும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஒவ்வொரு பாலம் வரும்போதும் பெயரைச் சொல்ல வேண்டும். பாலத்துக்குப் பாலம் நடுவில் வயல்தான். முன்பட்டத்தில் நட்ட சம்பா முற்றித் தலை சாய்ந்திருக்கும். சில இடங்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது நெடுநாள் வழக்கம். அதனால் ஆராதனைச் சமயத்தில் பெரும்பாலும் ஆற்றில் தண்ணீர் இருக்கும். மே மாதம் வந்து வெறும் மணலைப் பார்த்தவர்கள் இதே ஊரை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு வித்வான்

பந்தல் காவிரியின் வடகரையில், தியாகராஜர் சமாதியை ஒட்டி. கீழே மணல்தான். விரிப்பு எடுத்துப் போனவர்கள் விரித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மணலிலேயே உட்காருவார்கள். பக்கத்தில் பக்கத்தில் மேடைகள். இந்த மேடையில் மங்களகரமாக ஒருவர் முடிக்கும்போது அந்த மேடையில் அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராக இருப்பார். டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்களுக்குப் பணமும் கிடையாது. சென்னையில் ஹவுஸ்ஃபுல் போர்டு வாங்குகிற பெரிய பெயரும் இங்கே அதே மணலில் காத்திருந்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒன்றிரண்டு கிருதிகளைச் சமர்ப்பித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அவருக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட மாணவி பாடியிருப்பாள். பின்னால் எங்கோ ஒரு ஊரின் பாட்டு டீச்சர் தன் மாணவர்களோடு ஏறுவார்.

ரசிகர்களில் கறாரானவர்களுக்கு இது பிடிக்காது. ராகம் சூடேறுவதற்குள் இறக்கிவிடுகிறார்களே என்பார்கள். நியாயமான குறைதான். பத்து வயதுப் பிள்ளைக்கோ அதுவே வரம். ஒரு மணி நேரத்துக்குள் வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல், நாகஸ்வரம், மாண்டலின் எல்லாம் வந்து போய்விடும். எது காதில் ஒட்டுகிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும். என் மகளுக்கு ஒட்டியது பாட்டு இல்லை, கஞ்சிரா. உள்ளங்கை அகலத் தோலில் ஒரு கையால் அடித்து அவ்வளவு ஆழமான சத்தம் எப்படி வருகிறது என்ற சந்தேகத்தில், கஞ்சிரா இருக்கும் குழு மேடையேறும்போதெல்லாம் முன்னால் நகர்ந்து நகர்ந்து போய் உட்கார்ந்தாள். தோலின் பின்புறம் தண்ணீர் தடவித்தான் சுருதியை இறக்குகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

இங்கே இன்னொரு சௌகரியம், நடுவில் எழுந்து போனால் யாரும் முறைப்பதில்லை. எழுந்து போய்க் காபி குடிக்கலாம், ஆற்றங்கரையில் நிற்கலாம், அரை மணி கழித்துத் திரும்பி வரலாம். ஒலிபெருக்கி இருப்பதால் எங்கே நின்றாலும் பாட்டு கூடவே வரும். என் அம்மா பந்தலைவிட்டு நகரவில்லை. தொடையில் தாளம் போட்டபடி, பாடகர் வாயைத் திறந்த இரண்டாவது நொடியிலேயே "கரகரப்ரியா" என்றோ "இல்ல, இது ஸ்ரீரஞ்சனி" என்றோ யாரிடம் என்றில்லாமல் அறிவித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பிற்பகலில் மணலில் துண்டை விரித்துத் தூங்கிப்போனார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் பலர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

எதிரே இருக்கும் அம்மாள்

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்து, 1847 ஜனவரி 6-ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாற்றில் மறைந்தவர். கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் ஆற்றங்கரையில் சமாதி வைத்தார்கள். சீடர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு அந்த இடம் புதர் மண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் முன்னின்று அதைச் செப்பனிட்டார்கள். ஆராதனை வளர்ந்தது. வளர்ந்ததோடு சண்டையும் வந்தது. தில்லைஸ்தானத்துச் சகோதரர்கள் பிரிந்து, பெரிய கட்சி, சின்ன கட்சி என்று சங்கீத உலகமே இரண்டாக நின்றது.

இந்தக் கட்சிகள் இரண்டும் சமாதிக்கு ஒரு கட்டடம் கட்டவில்லை. அதைச் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், சென்னையில் பாடிப் பெயரும் பொருளும் சேர்த்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனியின் தெலுங்குக் காவியமான ராதிகா சாந்த்வனத்தை 1910-ல் பதிப்பித்ததற்காக அரசாங்கத் தடையையே சந்தித்த படிப்பாளி. சமாதி கிடக்கும் கோலத்தைக் கேள்விப்பட்டு, கைப்பொருளைப் போட்டு 1921-ல் திருப்பணி தொடங்கினார். 1925-ல் குடமுழுக்கு நடந்தது. அவர் கட்டிய கோயிலின் முன்னால் நடக்கும் விழாவில் பாட அவருக்கு இடம் கிடையாது. இரு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், பெண்கள் பாடக்கூடாது என்பது.

அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. பெண்களைத் திரட்டி மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கினார். சமாதியின் பின்புறத்தில் பெண்கள் கச்சேரி நடந்தது. சமாதி நிலம் அவர் ஏற்பாட்டில் வந்தது என்பதால் யாரும் அவரைத் துரத்தவும் முடியவில்லை. கடைசியில் 1940-41 வாக்கில், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி போன்றவர்கள் நடுவில் நின்று மூன்று கட்சியையும் ஒன்றாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும், ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சரத்தினம் என்கிற ஐந்து கிருதிகளைப் பாடுகிற வழக்கம் அந்தச் சமாதானத்துக்குப் பிறகு நிலைபெற்றது. ஆதிகாலம் தொட்டு வருகிற சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் பலர். அதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

1952-ல் மறைந்த நாகரத்தினம்மாளின் சமாதி தியாகராஜர் சமாதிக்கு எதிரேயே இருக்கிறது. உள்ளே அவர் சிலை, சமாதியைப் பார்த்தபடி. பஞ்சரத்தினம் பாட வருகிற பெண்களில் முதலில் அங்கே போய் நின்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்தக் கதையை அம்மா, என் மகளுக்கும் அண்ணன் பையனுக்கும் அங்கேயே நின்று சொன்னாள். "கட்டினவங்களையே பாடக் கூடாதுன்னாங்களா?" என்று பையன் கேட்டான். "ஆமாண்டா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள். விலக்கி வைத்த கதை பெண்களோடு முடிந்துவிடவும் இல்லை. 1946-ல் எம்.எம். தண்டபாணி தேசிகர் இங்கே தமிழ்ப் பாட்டுப் பாடப்போய், மேடை தீட்டாகிவிட்டதாக எழுந்த பேச்சு தமிழிசை இயக்கத்தைக் கொதிக்க வைத்தது. பக்தியும் பிணக்கும் சேர்ந்தே வளர்ந்த விழா இது. இரண்டையும் சொல்லித்தான் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போக வேண்டும் என்பது என் கட்சி.

பஞ்சமி

பஞ்சமியன்று விடியற்காலையிலேயே ஊர் எழுந்துவிடும். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இடத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பி, வீதி வழியாகச் சமாதிக்கு வரும். அவர் இருந்த பழைய வீடு இப்போது இல்லை. அதே மனையில் புதிதாகக் கட்டிய நினைவில்லம்தான் இருக்கிறது. பழமையை எதிர்பார்த்து உள்ளே போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் அந்த வீடு இருந்தபடியே இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது.

ஒன்பது மணி வாக்கில் முதலில் புல்லாங்குழல்கள். அப்புறம் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் ஐந்து பெரிய கிருதிகள். முதலாவது சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. ஐந்துமே ஆதி தாளம். இந்தக் கடைசி விவரம்தான் கூட்டத்துக்கு உதவுகிறது. பாட்டே தெரியாதவர்கூட ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டை எண்ணத் தெரிந்தால் முதல் கிருதியின் பாதிக்குள் தாளத்தில் சேர்ந்துவிடலாம். அண்ணன் பையன் அப்படித்தான் சேர்ந்தான். ஆரபியில் ஒருமுறை நழுவி, பக்கத்து மாமியின் கையைப் பார்த்து மறுபடி பிடித்துக்கொண்டான்.

வராளிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்த ராகத்தை குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் மனஸ்தாபம் வரும் என்பார்கள். அதனால் பாட்டு வாத்தியார்கள் நாலாவது கிருதியைச் சொல்லிக்கொடுக்காமல் நழுவுவார்கள். மாணவர்கள் கேட்டே பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்டுப் பிடிக்கத் திருவையாற்றைவிட நல்ல இடம் இல்லை. நாலாவது கிருதி வந்ததும் சுற்றிலும் குரல்கள் கொஞ்சம் தணிவதையும், சிலர் செல்போனில் சாகித்தியத்தைத் தேடுவதையும் பார்க்கலாம்.

சங்கீதமாக மட்டும் காது கொடுத்தால் அந்தக் கூட்டுப்பாட்டில் குறைகள் நிறைய. இவ்வளவு குரல் சேர்ந்தால் சுருதி சற்று அகலமாகத்தான் விழும். மிருதங்கங்கள் அதிகம். கேமராவுக்கு முகம் காட்டத் துடிக்கிறவர்களும் உண்டு. ஆனாலும் ஐந்தாவது கிருதியில், உலகத்தில் எத்தனையோ மகான்கள் உண்டு, அத்தனை பேருக்கும் வணக்கம் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது, குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்த வாயும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் பஞ்சமிக் காலையைத் தவிர்த்துவிடுங்கள். நெரிசலும் வெயிலும் அவர்களைப் படுத்தும். வீட்டில் ஆசைப்படுகிற இரண்டு பேர் போய்வரட்டும். மற்றவர்கள் இரவு ஆஞ்சநேய உற்சவத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். விழா அதோடு நிறைகிறது.

ஏழு தடவை கேட்கும் கூச்சல்

பந்தலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஐயாறப்பர் கோயில். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் கயிலைக் காட்சி கண்டு பாடிய ஊர் இது. தியாகராஜருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே பாட்டு இருந்தது. ராஜராஜனின் அரசி உலகமாதேவி எடுப்பித்த வடகயிலாயம் உள்ளே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். வெளிச்சுற்றின் ஒரு மூலையில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால், சத்தம் ஏழு தடவை திரும்பிவரும் என்பது ஊர்ப்பேச்சு. எங்கள் பிள்ளைகள் எண்ணிப் பார்த்து நாலு என்று சண்டை போட்டார்கள், பிறகு ஐந்து என்றார்கள். கோயிலில் கத்தினால் திட்டாத ஒரே மூலை தமிழ்நாட்டிலேயே இதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் புஷ்ய மண்டபப் படித்துறை. படியில் இறங்கிக் கால் நனைக்கலாம். தண்ணீர் வேகம் பார்த்துத்தான் குளிக்க வேண்டும். திரும்பும் வழியில் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கொஞ்சம் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறுகிற இந்த இனிப்பை ஆண்டவர் கடையில் சூடாக இலையில் வைத்துத் தருவார்கள். ஊருக்கு வாங்கிவருவதைவிட அங்கேயே நின்று தின்பதுதான் சரி. ஆறிப்போன அசோகாவில் நெய் மட்டும்தான் மிஞ்சும்.

பலாவும் ஆச்சாவும்

வாரத்தின் நடுவில் ஒரு நாள் பந்தலுக்கு விடுமுறை விட்டுவிட்டு வாத்தியம் செய்கிற இடங்களைப் பார்க்கக் கிளம்பினோம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உயிரே அந்த நாள்தான். மேடையில் கேட்ட சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிவது இந்தியாவில் வெகு சில வட்டாரங்களில்தான்.

தஞ்சாவூர் வீணை முழுக்கப் பலாமரம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மரம் வரும். குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் முழுதாகக் குடைந்தால் ஏகாண்ட வீணை, விலையும் அதற்கேற்ப. பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்துநான்கு மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் இன்றைய வடிவம் வந்தது என்பது வரலாறு. வாசிக்க நாலு தந்தி, தாளத்துக்கு மூன்று. முனையில் யாளி முகம். பட்டறையில் மரம் இழைக்கிறவர், செதுக்குகிறவர் எல்லாரையும்விடக் கூர்ந்து பார்க்க வேண்டியவர் மேளம் கட்டுகிறவர். தேன்மெழுகு கலந்த கறுப்பு மெழுகைத் தண்டியின் இருபுறமும் கரைபோல ஏற்றி, வெண்கல மெட்டுகளை அதில் ஒவ்வொன்றாக அழுத்தி உட்காரவைப்பார். கருவி எதுவும் கிடையாது, காதுதான். தந்தியை மீட்டுவார், மெட்டை மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். நாளானால் மெழுகு இறங்கும், மெட்டுகளின் சுரம் பிசகும். அப்போது வீணை மறுபடி இவர் கைக்கு வர வேண்டும். வெயில் காலத்தில் வீணையைக் காருக்குள் வைக்கக் கூடாது என்று பாட்டு டீச்சர்கள் பதறுவது ஏன் என்று மகளுக்கு அங்கேதான் புரிந்தது.

நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் திருவாவடுதுறைக்குப் பக்கத்துச் சின்ன ஊர். ஆச்சா மரத்தில்தான் செய்வார்கள், அதுவும் பழைய மரம். இடிக்கிற பழைய வீடுகளின் உத்தரம், விட்டம் என்று தேடி வாங்குவார்கள். பச்சை மரம் ஊதுகிறவரின் மூச்சு ஈரத்தில் வெடித்துவிடும். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் காய்ந்த மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. கடைசல் பட்டறையில் சுழலவிட்டு உளியால் கடைந்து, நீளத் துளைபோட்டு, மேலே ஏழு விரல் துளைகள். கீழே அணசு. ஊதுகிற முனையில் சீவாளி. ஆற்றோரம் வளரும் கொருக்கந்தட்டையைப் பக்குவம் செய்து கட்டுவது.

டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) திருவாவடுதுறையில் வாழ்ந்தவர். அவர் காலத்துக்கு முன் பரவலாக இருந்தது திமிரி, குட்டையும் உச்ச சுருதியுமான நாயனம். வாய்ப்பாட்டுப்போல வாசிக்க அவருக்குத் தாழ்ந்த சுருதி வேண்டியிருந்தது. நீளமான பாரி நாயனத்தில் சுத்த மத்யமம் சரியாகப் பேசும்படி செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. இன்று கல்யாண வீட்டில் நாம் கேட்பது அந்த வழியில் வந்த வாத்தியம்தான். 2022-ல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்கிற குடும்பங்கள் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவுதான். பட்டறையில் அரை மணி இருந்தோம். சித்தப்பா விழித்திருந்தது மட்டுமல்ல, மரம் விலை, கூலி, எத்தனை நாள் வேலை என்று துருவித் துருவி விசாரித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கடையில் வேலை பார்த்தவருக்குக் கடைசல் எந்திரம் பேசுகிற பாஷை தெரியும்.

கல்லிலும் ஒரு பெயர்ப் பட்டியல்

தஞ்சைப் பெரிய கோயிலை எல்லாரும் கோபுரம் பார்க்கப் போகிறோம். இந்த வாரத்தில் போனால் அங்கிருக்கும் சங்கீதத்தைத் தேடலாம். 1010-ல் முடிந்த அந்தக் கோயிலுக்கு ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்தான். அவர்கள் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்வெட்டில் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தேவாரம் பாட நாற்பத்தெட்டுப் பேர், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இரண்டு பேர், நட்டுவர், குழலூதுவோர் என்று பட்டியல் நீளும். "அட்ரஸோடயா எழுதிவச்சிருக்காங்க?" என்று அண்ணன் பையன் வியந்தான். விமானத்தின் மேல்தள உள்சுற்றில் நூற்றெட்டு நாட்டியக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி எண்பத்தொன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். மிச்சம் இருபத்தேழும் செதுக்காத கல். அங்கே பொதுமக்களை விடுவதில்லை.

அரண்மனைக்குள் சங்கீத மகால் இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து யாராவது ஒரு வரி பாடிப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் இதே ஊரில் மேற்கத்திய பேண்டு வாசித்தது; வயலின் நம் கச்சேரிக்குள் நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கழுத்துக்குக் கீழே இறக்கி நம் கமகத்துக்கு வசப்படுத்தியவர்கள்.

தாராசுரத்தின் இசைப்படிகளை இப்போது கம்பிவலைக்குள் வைத்துவிட்டார்கள்; தட்டிப் பார்க்க முடியாது, சிற்பங்களுக்காகப் போகலாம். கும்பகோணத்தில் பித்தளை டபராவில் டிகிரி காபியும், இட்லிக்குக் கடப்பாவும். கல்லணைக்கு ஒரு மாலை போதும். திருவாரூருக்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தது அந்த ஒரே ஊரில். கோயிலில் பஞ்சமுக வாத்தியம் வாசிக்கிற நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு போக வேண்டும். ஐந்து முகமுள்ள அந்தப் பெரிய வெண்கலக் குடமுழாவின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு சத்தம். ஒலிப்பதிவில் அது வராது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்தப் பருவத்து ஆற்றங்கரைப் பனி கடுமை. பாட்டிகளுக்கு மப்ளரும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் கட்டாயம். கொசு உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு மடக்கு நாற்காலி எடுத்துப்போய்ப் பந்தலின் ஓரமாகப் போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட பாடகருக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரம் முன்பின் ஆகும். எந்த நேரத்தில் போனாலும் யாரோ நன்றாகப் பாடிக்கொண்டிருப்பார்கள் என்று போவதே நல்லது.

பஞ்சமி சந்திரனைப் பொறுத்தது என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு ஓடும். 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18, 2026-ல் ஜனவரி 7. பொங்கலோடு ஒட்டி வந்தால் பள்ளி விடுமுறை இருக்கும், தஞ்சாவூரில் அறை இருக்காது. தள்ளி வந்தால் அறை கிடைக்கும், லீவு லெட்டர் எழுத வேண்டும். புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் அம்மா முதலில் புரட்டுவது புஷ்ய பகுள பஞ்சமியை. மகள் எடுப்பது பள்ளிக்கூடக் காலண்டரை. இரண்டும் ஒத்துவராத வருஷத்தில் பஞ்சமியை விட்டுவிட்டு முதல் இரண்டு நாளுக்காவது போய்விடுவது என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். நரசிங்கம்பேட்டை மட்டும் எந்த வருஷமும் விடுபடக்கூடாது என்பது சித்தப்பாவின் நிபந்தனை.